சங்கிலி போட்ட டீ கப்பும் போத்தனூர் அப்புச்சியும்!

பாக்கெட்ல ஒரு ரூபாய் நாணயம் இருக்கா? எடுத்து மேஜை மேல வெச்சுக்கங்க. இல்லேன்னா பக்கத்து பெஞ்ச் நண்பர்கிட்ட கடன் வாங்குங்க. திருப்பித் தர்றதும் தராததும் உங்க மனசாட்சி! அந்த நாணயம் கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இப்ப என்னோட ரயில் ஏறுங்க. லண்டன், யூஸ்டன் ஸ்டேஷன். காலை ஒன்பதரை மணி. 'செமஸ்டர் லீவுக்கு லண்டனா?' என்று வயிறு எரிய வேண்டாம். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அக்காவுக்குப் பிரசவம். துணைக்கு அம்மா. பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் அடைத்த பெட்டிக்குத் துணை நான். மூணு வாரம் பாத்திரம் தேய்த்ததற்குக் கூலியாக ஒரு நாள் விடுதலை கிடைத்தது. "லண்டன் ஐ போடா, மெழுகு பொம்மை பார்றா" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். நான் பிளெட்ச்லி பார்க் போறேன்னேன்.

"அங்க என்னடா இருக்கு?"

"பழைய மரக் கொட்டகை."

குழந்தையை மடியில் வெச்சுக்கிட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... விடுங்க.

காரணம் ரெண்டு. ஒண்ணு, ஊர்ப் பாசம். நான் போத்தனூர்க்காரன். முதல் வருஷப் புத்தகத்துல கம்ப்யூட்டர் சயின்ஸின் பிதாமகர்னு போட்டோவோட வருவாரே, ஆலன் டூரிங்... அவரோட அம்மா ஈதல் சாரா 1881-ல் பிறந்தது எங்க போத்தனூர்லதான். அவங்க அப்பா எட்வர்டு ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் சீஃப் இன்ஜினீயர். ஆக, டூரிங் எங்க ஊர்ப் பொண்ணோட பையன்! அந்தப் பையன் இரண்டாம் உலகப் போரில் வேலை பார்த்த இடம்தான் பிளெட்ச்லி பார்க்.

ரெண்டாவது காரணம், எங்க அப்புச்சி.

அப்புச்சின்னா அம்மாவோட அப்பா. போத்தனூர் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப்பில் வாழ்நாள் முழுக்க ரிலே சோதித்தவர். இப்போ வயசு 74. ஏப்ரலில் அவரோடு ஒரு பேங்க்குக்குப் போயிருந்தேன். ஃபார்மை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது. கவுன்ட்டர்லயே நின்னு எண்ணினார். மறுபடி எண்ணினார். பின்னால் நீள வரிசை. உள்ளே இருந்தவர், "பெரியவரே, அடுத்த தடவை பேரனையே அனுப்பிடுங்க. உங்களுக்கு இனி இதெல்லாம் செட் ஆகாது" என்றார். வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். மூணாவதாகச் சிரித்தது நான்.

வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்புச்சிக்கு ப்ராசஸர் ஸ்லோ ஆயிருச்சு" என்று ஜோக் வேறு அடித்தேன். அந்த ஜோக்தான் குடும்ப முடிவாக மாறியது. ஒரே வாரத்தில் டி.வி.எஸ். 50 சாவி பீரோவுக்குள் போனது. ஏ.டி.எம். கார்டு அம்மாவின் கைப்பைக்குள் போனது. அப்புச்சி எதுவும் பேசலை. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

'ப்ராசஸர் ஸ்லோ' என்ற அந்த ரெண்டு வார்த்தையை மனசுல வெச்சுக்கங்க.

முக்கால் மணி நேரத்துக்குள் பிளெட்ச்லி ஸ்டேஷன் வந்துவிட்டது. வெளியே வந்து சாலையைத் தாண்டினால் பொடிநடைதான். லண்டன் லைனும், ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த லைனும் சந்தித்த ஜங்ஷன் இது. அந்த இரண்டு யுனிவர்சிட்டிகளிலிருந்தும் கணக்குப் புலிகளை ரயிலில் கொண்டுவந்து இறக்கலாம் என்பது இந்த இடத்தைப் பிடித்ததற்கு ஒரு காரணம். ஜங்ஷன்காரனுக்கு இதைக் கேட்க எவ்வளவு பெருமை தெரியுமா!

உள்ளே ஒரு பெரிய பங்களா. கட்டியவருக்குப் பிடித்த ஸ்டைலை எல்லாம் ஒரே கட்டடத்தில் திணித்த மாதிரி கோபுரமும் வளைவுமாக இருக்கு. முன்னால் ஒரு ஏரி. நிஜமான வேலை நடந்தது பங்களாவைச் சுற்றி அவசரமாக எழுப்பிய கொட்டகைகளில். 'ஹட்' என்று பெயர் வைத்து நம்பர் போட்டிருக்கிறார்கள். 1945 தொடக்கத்தில் இங்கேயும் இதன் கிளைகளிலுமாகச் சுமார் 9,000 பேர் வேலை பார்த்தார்கள், அதில் முக்கால்வாசி பெண்கள் என்கிறது கணக்கு.

ஹட் 8-க்குள் நுழைந்தேன். தாழ்ந்த கூரை, குறுகலான நடை, மர வாசனை. டூரிங்கின் அறையை அப்படியே மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். சுவரோரம் ரேடியேட்டர். அதோடு சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு டீ கப்! யாரும் எடுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு டூரிங் நிஜமாவே அப்படிக் கட்டி வெச்சிருந்தாராம். ஹாஸ்டலில் பக்கெட்டைத் தொலைத்த எவருக்கும் அந்த மனுஷனை உடனே பிடித்துப்போகும்.

2014-ல் வந்த 'தி இமிடேஷன் கேம்' படம் பார்த்தவர்களுக்கு, கடகடவென்று சுற்றும் பாம்ப் மெஷின்தான் ஞாபகம் வரும். இந்தக் கொட்டகையில் ரொம்ப நாள் ஹீரோவாக இருந்தது காகிதம். ஜெர்மன் கடற்படை தன் எனிக்மா மெஷினில் எட்டுச் சக்கரங்களில் மூன்றை எடுத்து வரிசையாகப் பொருத்தும். மொத்தம் 336 வரிசைகள். மெஷின்கள் குறைவு என்பதால் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க நேரம் கிடையாது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன.

டூரிங் ஒரு வழி கண்டுபிடித்தார். நீளத் தாளில் ஒரு ரகசியச் செய்தியின் எழுத்துகளை ஓட்டை ஓட்டையாகக் குத்துவது. இன்னொரு செய்திக்கு இன்னொரு தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து நகர்த்தி, ஓட்டையும் ஓட்டையும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகுது என்று எண்ணுவது. தாள் அச்சானது பான்பரி என்ற ஊரில். அதனால் இந்த முறைக்குப் பெயர் பான்பரிஸ்மஸ்! பெயரில் வேற தத்துவம் எதுவும் இல்ல.

சம்பந்தமே இல்லாத இரண்டு செய்திகள் என்றால் 26-க்கு ஒரு இடம் தற்செயலாக ஒத்துப்போகும். மெஷினின் ஒரே நிலையில் இருந்து வந்தவை என்றால் சுமார் 17-க்கு ஒரு இடம். வித்தியாசம் துளிதான். அதனால் ஒரு ஓட்டையைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஒத்துப்போனால் 1.8 பாயின்ட் கூட்டு, ஒத்துப்போகலைன்னா 0.1 கழி. இப்படியே போய்க்கிட்டே இருந்தா கூட்டல் மெல்ல ஏறும், இல்லேன்னா இறங்கும். இந்த பாயின்ட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டெசிபான். 17 டெசிபான் சேர்ந்தால் 50-க்கு 1 என்ற அளவில் நம்பலாம். எங்கே கோட்டைப் போடுவது? தூரத்தில் போட்டால் தப்பு குறையும், ஆனால் கப்பல் மூழ்கிடும். பக்கத்தில் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் தப்பான வரிசையில் மெஷினை ஓட்டி அரை நாள் வீணாகும்.

இந்தக் கலையில் கில்லாடிகளில் ஒருவர் ஜோன் கிளார்க் என்ற பெண். இன்னொருவர் ஜாக் குட். இவர் முதல் நைட் ஷிஃப்டிலேயே தரையில் படுத்துத் தூங்கி டூரிங்கிடம் மாட்டினார். உடம்பு சரியில்லைன்னு டூரிங் முதலில் நினைத்தாராம். "இல்ல, டயர்டா இருந்துச்சு" என்று குட் உண்மையைச் சொல்ல, பல நாள் பேச்சுவார்த்தை கட்! அந்தத் தாள்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். 2013-ல் பக்கத்து ஹட் 6-ஐப் பழுதுபார்த்தபோது, குளிர்காற்று வராமல் இருக்கக் கூரை இடுக்கில் அடைத்து வைத்த காகிதங்களுக்குள் பான்பரித் தாள்களின் துண்டுகள் கிடைத்தன.

இதெல்லாம் சரி, அப்புச்சிக்கும் ஓட்டைக் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? இப்ப நாணயத்தை எடுங்க.

பூ விழுந்தால் வலது பக்கம் ஒரு அடி, தலை விழுந்தால் இடது பக்கம் ஒரு அடி. உங்களுக்கு இரண்டு பக்கமும் பத்தாவது அடியில் ஒரு கோடு. எந்தக் கோட்டைத் தொடுறீங்களோ அதுதான் உங்க பதில். இப்ப இந்த நாணயம் லேசாகக் கோணலானது, 100-க்கு 55 தடவை பூ விழும், பூதான் சரியான பக்கம்னு வெச்சுக்கங்க. நம்ம மூளை ஒரு சின்ன முடிவு எடுக்கிறதும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்கிறது உளவியலில் உள்ள ஒரு கணக்கு மாடல். கண்ணும் காதும் தருகிற தகவல் ஒவ்வொரு நொடியும் தள்ளாடும், ஆனால் மொத்தத்தில் ஒரு பக்கம் சாயும். சேர்த்துக்கிட்டே போய் கோட்டைத் தொட்டதும் முடிவு. பான்பரிஸ்மஸ் மண்டைக்குள்ளே!

அன்று ராத்திரி ஈஸ்ட் ஹாமில், குழந்தை அழுகைக்கும் தாலாட்டுக்கும் நடுவே, பைத்தானில் இருபது வரி எழுதி இந்தக் கோணல் நாணயத்தை லட்சக்கணக்கான தடவை சுண்டினேன். 55 நாணயம், பத்தடிக் கோடு: சராசரி 76 சுண்டல், 100-க்கு 88 சரி. இது வாலிபப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இப்போ இவனை 'ஸ்லோ' ஆக்கணும். ரெண்டு வழி இருக்கு. நாணயத்தைக் கெடுத்து, 51.5 ஆக்கினேன். தகவலே மங்கல். சராசரி 97 சுண்டல், சரியான பதில் 65 ஆகச் சரிந்தது. அடுத்து நாணயத்தைத் தொடாமல் கோட்டை மட்டும் பன்னிரண்டாவது அடிக்குத் தள்ளினேன். சராசரி 100 சுண்டல். சரியான பதில் 92!

கவனிச்சீங்களா? ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு லேட். ஸ்டாப் வாட்ச் மட்டும் பிடித்து நின்றால் ரெண்டும் ஒண்ணுதான். ஆனால் ஒருத்தருக்குத் தகவல் மங்கியிருக்கு, இன்னொருத்தர் நிதானமானவர். 'ப்ராசஸர் ஸ்லோ' என்று நான் சொன்னபோது இதில் எதைச் சொன்னேன்? எனக்கே தெரியாது. எனக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரிஞ்சதே அந்த இருபது வரியை எழுதின பிறகுதான். வாயால் சொல்லும்போது வார்த்தை வழவழவென்று நழுவிடும். ப்ரோக்ராமில் எழுதும்போது கம்ப்யூட்டர் 'நாணயத்துக்கு என்ன நம்பர், கோட்டுக்கு என்ன நம்பர்' என்று கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்கும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. சரியான பதிலுக்கு ஆன நேரத்தையும் தப்பான பதிலுக்கு ஆன நேரத்தையும் தனித்தனியாகச் சராசரி எடுத்தேன். ரெண்டும் ஒண்ணாகவே வந்தது. பக் என்று நினைத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடினேன். பக் இல்ல பாஸ்! நடுவில் கிளம்பி, ரெண்டு கோடும் சம தூரத்தில் இருந்தால் அப்படித்தான் வந்தாகணும். கணக்கிலேயே நிரூபிக்கலாம். பிரச்னை என்னவென்றால், நிஜ மனுஷங்க அப்படி இல்லை. கஷ்டமான கேள்விகளில் தப்பாகச் சொல்கிறவர் பெரும்பாலும் அதிக நேரம் எடுத்துத்தான் தப்பாகச் சொல்வார். (இன்டர்னல் எக்ஸாம் எழுதிய எல்லாருக்கும் இது தெரியும்!)

நான் முட்டிக்கொண்டது உளவியலாளர்கள் ஏற்கெனவே முட்டிய சுவர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டூரிங்கின் முறை பல வருஷம் ரகசியமாகவே இருந்தது. 1979-ல்தான் ஜாக் குட் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் ஆப்ரஹாம் வால்ட் என்ற கணித மேதை, குண்டு தயாரிப்பில் எத்தனை மாதிரி சோதித்தால் போதும் என்ற மாதிரி கேள்விகளுக்காக, இதே போன்ற கணக்கைத் தனியாகப் போட்டிருந்தார். 1960-ல் மெர்வின் ஸ்டோன் அதை மனுஷங்க பதில் சொல்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தார். அழகான மாடல், ஆனால் தப்புப் பதில் விஷயத்தில் நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை. 1978-ல் ரோஜர் ராட்கிளிஃப் ஒரு மாற்றம் செய்தார். எல்லாக் கேள்விக்கும் ஒரே நாணயம் இல்லை, ஒரு தடவை 60 நாணயம், ஒரு தடவை 51 நாணயம், மாறி மாறி வரும் என்றார். மங்கலான நாணயம் வந்த தடவைகளில்தான் தப்பு அதிகம், அதே தடவைகளில்தான் தாமதமும் அதிகம். தப்புப் பதில் ஏன் லேட் என்று புரிந்துவிட்டது. மாடல் தோற்ற இடத்தில்தான் புது விஷயம் கிடைச்சிருக்கு. மாடல்னா நிஜத்தை அப்படியே காப்பி அடிக்கிற பொம்மைன்னு நான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

அடுத்ததுதான் எனக்கு வேண்டிய பேப்பர். 2001-ல் ராட்கிளிஃப், அஞ்சலி தாப்பர், கெயில் மெக்கூன் மூவரும் காலேஜ் பசங்களையும் 60 வயசைத் தாண்டியவர்களையும் ஒரே சோதனையில் உட்கார வைத்தார்கள். திரையில் பத்துக்குப் பத்துக் கட்டத்தில் நட்சத்திரக் குறிகள் தெரியும். நிறைய இருக்கா, குறைவா இருக்கா? பட்டனை அமுக்கணும். பெரியவர்கள் லேட். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் மாடலில் போட்டுப் பிரித்துப் பார்த்தால் அவர்களுடைய நாணயம் இளசுகளுடையதைவிட மோசமாக இல்லை. கோடுதான் தள்ளி இருந்தது. கூடவே, கண்ணில் பட்டதை வாங்கவும் விரலால் அமுக்கவும் கொஞ்சம் கூடுதல் நேரம்.

உடனே 'எல்லாத் தாத்தாவும் சூப்பர்' என்று முடிவு கட்டிடாதீங்க. அதே குழு 2003-ல், கண் சிமிட்டும் நேரம் காட்டி மறைத்த எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, பெரியவர்களின் நாணயமும் மங்கித்தான் இருந்தது. வேலைக்கு வேலை மாறும். அதைத்தான் சராசரி நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஜூலையில் ஊர் திரும்பியதும் லேப்டாப்பில் அந்த நட்சத்திரக் கட்டத்தை நானே எழுதினேன். 50-க்கு மேல் என்றால் வலது பட்டன், கீழே என்றால் இடது. 200 ரவுண்டு. முதலில் நான் விளையாடினேன். அப்புறம் மத்தியானக் காப்பிக்கு முன்னால் அப்புச்சியை உட்கார வைத்தேன்.

"என்னது கண்ணு இது, நட்சத்திரத்த எண்ணோணுமா?"

"எண்ண வேண்டாங்க அப்புச்சி. பார்த்ததும் தோணுறத அமுக்குங்க."

"தோணுறதையெல்லாம் அமுக்குனா வண்டி ஓடுமா சாமி?"

நான்: சராசரி 0.6 விநாடி, 171 சரி. அப்புச்சி: 1.1 விநாடி, 184 சரி. மறுநாள், "தப்பானாலும் பரவாயில்லீங்க, வேகமா அமுக்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். 0.8-க்கு இறங்கினார். சரியான பதில் 169. கோடு அவர் கையில்தான் இருந்திருக்கு. நகர்த்த முடியும், நகர்த்த மனசில்லை, அவ்வளவுதான். சிக்னல் ரிலேயில் 'ஓகே' சொல்லிட்டா அதை நம்பி ஒரு ரயிலே வரும். அந்த இடத்தில் காலமெல்லாம் நின்றவர் கோட்டைப் பக்கத்தில் போடுவாரா?

இதை நான் அறிவியல்னு சொல்லலை. சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு மனுஷரை வெச்சு செய்தது ஆராய்ச்சி ஆகாது. டாக்டர் பார்க்க வேண்டியதை லேப்டாப் பார்க்காது. ரோட்டில் நாய் குறுக்கே வந்தால், நிதானத்தால் லேட்டானாலும் லேட் லேட்தான். அதனால் டி.வி.எஸ். சாவி விஷயத்தில் அம்மாவோடு என்னால் வாதாட முடியலை. கண் பரிசோதனை முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறோம். ஏ.டி.எம். கார்டை மட்டும் போராடி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

டூரிங் அம்மா போத்தனூரில் பிறந்த கதையைச் சொன்னேன். "ஸ்டோனின்னு பழைய ரெக்கார்டுல பாத்த மாரி இருக்குது" என்றார். நிஜமா, எனக்காகச் சொன்னாரா தெரியலை. சங்கிலி போட்ட டீ கப் போட்டோவைத்தான் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். "ஒர்க்‌ஷாப்ல நானும் என் டம்ளரப் பூட்டித்தான் வெப்பேன்."

பேங்க்கில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கணும் என்று மூணு நாளாக ஒத்திகை பார்த்தேன். வாய் வரலை. பதிலுக்கு ஸ்கோரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இருநூறுல நூத்தி எழுவத்தொண்ணா? அப்ப இருவத்தொம்போது தப்பா உட்ருக்கறயா?"

"ஆமாங்க அப்புச்சி."

"இருவத்தொம்போது ரிலே..." என்று தலையை ஆட்டிக்கிட்டே காப்பியை ஆத்த ஆரம்பித்தார்.